பிள்ளையும் வடலியும்

சோழவள நாட்டின் தென்கிழக்கு மூலையில், பட்டுக்கோட்டைக்கு அப்பால், கடலிலிருந்து இரண்டு கல் தொலைவில் அமைந்தது எங்கள் ஊர். கல்லணையில் பிரிந்து வரும் கால்வாயை எங்கள் பக்கத்தார் இன்றும் ‘புதாறு’ என்றே வழங்குவர். மேட்டூர் அணை நிறைவெய்திய 1934 ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பெற்றது அது. கல்லணையின் பழமையை நோக்க, தொண்ணூறு ஆண்டு கடந்த கால்வாயும் புதியதுதானே! அந்நீரும், பின்னர் வந்த ஆழ்குழாய்க் கிணறுகளும், மணல்மேடாய்க் கிடந்த நிலத்தைத் தென்னஞ்சோலை ஆக்கின.

நெல் ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோதான் பணம் தரும்; அதுவும் மேட்டூரில் நீர் இருந்தால். தென்னையோ நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை காய் தருவது. மளிகைக் கடைப் பற்றும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும், மகள் திருமணத்துக்கு வாங்கிய கடனும், ‘அடுத்த வெட்டில் தீர்த்துவிடுகிறேன்’ என்னும் ஒரு சொல்லின்மேல் நின்றன. கீற்றுக் கூரையாயிற்று, மட்டை அடுப்பெரித்தது, நார் கயிறாயிற்று. ஒருவருடைய செல்வநிலையைக் கேட்பவர், ‘எத்தனை மரம் உண்டு?’ என்று கேட்பரே அன்றி, ‘எத்தனை வேலி நிலம்?’ என்று கேட்பதில்லை. மரம் என்றால் எங்கள் ஊரில் தென்னைதான். ஏனைய மரங்களுக்கெல்லாம் பெயர் சொல்லவேண்டும்.

2018 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16 ஆம் நாள் விடியுமுன், ‘கஜா’ என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. இலங்கை நாட்டார் தந்த பெயர் அது. யானை என்பது பொருள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் காற்று வீசியது. முதலில் வடக்கேயிருந்து வீசியது, சற்றே ஓய்ந்தது, ‘அப்பாடா!’ என்று நாங்கள் மூச்சுவிடுமுன் தெற்கேயிருந்து திரும்பி வந்தது. புயல் என்பது சுழல்காற்று ஆதலின், அதன் நடுவிடம் கடந்ததும் காற்றின் திசை மாறும் என்பதை மாணவர்கள் நிலநூலில் படித்திருப்பீர்கள். முதற்காற்றில் வளைந்து கொடுத்துப் பிழைத்த மரங்கள், மறுகாற்றில் வேர் தளர்ந்து வீழ்ந்தன. இருளில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மரம் விழும் ஓசை மட்டும் தொலைவிலும் அருகிலும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டிருந்தது.

விடிந்ததும் வெளியே வந்தவர் எவரும் பேசவில்லை. தெரு எது, தோப்பு எது என்று பிரித்தறிய இயலவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற 32 தென்னைகளுள் எஞ்சியவை மூன்று. ஊரின் கிழக்கெல்லையில் நின்று நோக்கினேன். பிறந்தது முதல் அவ்விடத்திலிருந்து நான் கண்டறியாத அடுத்த ஊர்க் கோபுரம் முழுதாகத் தெரிந்தது. இடையில் மறைப்பதற்கு ஒரு மரமும் இல்லை. அதைக் கண்டபோதுதான் எங்கள் இழப்பின் அளவு எனக்குப் புலப்பட்டது.

தென்னைக்கு ஆணிவேர் இல்லை. தூரிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் கிளம்பி மேல்மண்ணிலேயே பரவுகின்றன. தலையிலோ குலைகளும் மட்டைகளுமாகப் பெருஞ்சுமை. மழையால் மண் நெகிழ்ந்திருக்கும் வேளையில் பெருங்காற்று தலையைப் பற்றி உலுக்கினால், வேர் பிடியை விட்டுவிடும். விழாமல் நின்றனவும் எல்லாம் பிழைத்தன அல்ல. தென்னைக்கு உயிர்நிலை உச்சிக் குருத்து ஒன்றே. மா, வேம்பு முதலியன கிளை ஒடிந்தால் வேறு கிளை விடும். தென்னையின் குருத்து முறிந்தால் அம்மரத்துக்கு மறுபிறப்பு இல்லை. பச்சையாய் நின்ற பல மரங்கள், கொண்டை திருகப்பட்டு, சில திங்களில் மெல்ல மெல்ல வாடித் தலை சாய்ந்தன. ஒரே நாளில் வீழ்ந்த மரத்தைவிட, நாள்தோறும் பார்க்கப் பார்க்க வாடிய மரமே உழவனை மிகவும் வாட்டியது.

அரசினர் மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் வழங்கினர். அதில் 600 ரூபாய் இழப்புக்கு. 500 ரூபாய் வீழ்ந்த மரத்தை அகற்றும் செலவுக்கு. உதவி உதவியே, அதைக் குறைத்துப் பேசுதல் முறையன்று. ஆயினும் கணக்கு ஒன்று உண்டு. நெட்டைத் தென்னை நட்ட ஆறாம் ஏழாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். நிறைந்த காய்ப்புக்கு இன்னும் சில ஆண்டு வேண்டும். பத்தாம் வகுப்பில் பயின்ற மாணவன் கல்லூரி முடித்து வேலை தேடும் காலம் வரையில் அவன் வீட்டில் ‘வெட்டு’ இல்லை என்பது அதன் பொருள். இக்கணக்கைப் போட்டுப் பார்த்த இளைஞர் பலர் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்றனர். எவரையும் நான் தடுக்கவில்லை. தடுக்கும் உரிமையும் எனக்கு இல்லை. நிலத்தை விற்றுவிடாமல் சென்றார்களே என்று ஆறுதல் கொண்டேன்.

நடுவதற்கு முன்னே அகற்றவேண்டியிருந்தது. இதனை வெளியூரார் எளிதில் உணரார். வீழ்ந்த தென்னை அழுகத் தொடங்கினால் அதில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அவ்வண்டு பெருகி, பிழைத்து நிற்கும் மரங்களின் விரியாத குருத்தைத் துளைக்கும். துளைபட்ட குருத்து விரியும்போது, கத்தரியால் விசிறி வடிவில் நறுக்கியதுபோல் ஓலை காட்சி தரும். புயல் விட்டுவைத்ததை வண்டு தின்னும் நிலை. எனவே முதல் ஆறு திங்கள் ஊரார் செய்த வேலையெல்லாம் அறுத்தலும் உருட்டலும் ஏற்றலுமே. அடிமரங்கள் செங்கல் சூளைக்கு மிகக் குறைந்த விலைக்குச் சென்றன. வாங்க ஆள் வந்ததே பெரிது என்று கொடுத்தோம்.

பள்ளி மாணவர்க்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. வாயகன்ற மண்பானையில் ஆமணக்குப் பிண்ணாக்கை நீரில் கரைத்துத் தோப்பில் வைத்தால், அதன் நாற்றத்துக்கு வண்டுகள் இரவில் வந்து வீழும். விடியற்காலையில் பானைகளைப் பார்த்து வண்டுகளை எடுத்து அழிப்பதும், எண்ணிக்கையைச் சுவரில் கரிக்கோட்டால் குறிப்பதும் மாணவர் வேலை. இலக்கண வகுப்புக்குத் தவறாமல் தாமதமாக வரும் ஒரு பையன், இவ்வேலைக்குக் கோழி கூவுமுன் வந்து நின்றதை நான் கண்டதுண்டு.

2019 ஆம் ஆண்டு தைத் திங்களில் வெளியூர் அன்பர் சிலர் லாரி நிறைய மரக்கன்றுகளுடன் வந்தனர். அவர்கள் நெஞ்சில் இருந்தது அன்புதான்; ஐயமில்லை. ஒரே நாளில் குளக்கரையிலும் சாலை ஓரத்திலும் ஏறக்குறைய 300 கன்றுகள் நடப்பட்டன. படம் எடுத்தார்கள், பொங்கல் உண்டார்கள், சென்றார்கள். அவற்றுள் பெரும்பாலானவை மயிற்கொன்றை முதலிய, விரைந்து வளரும் அயல்நாட்டு மரங்கள். 2016 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12 ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, வீழ்ந்தவற்றுள் இத்தகைய மரங்கள் மிகுதி என்று கண்டோர் கூறினர். அது நிற்க. மரம் எது என்னும் வினாவுக்கே இடமில்லாமற் போயிற்று. மாசியில் மழை இல்லை. பங்குனியில் மண் கொதித்தது. அவ்வாண்டுக் கோடை தமிழகம் எங்கும் நீரின்றி வாட்டிய கோடை. ஆண்டுதோறும் சூன் 12 ஆம் நாள் திறக்கப்பெறுதல் வழக்கமாகிய மேட்டூர் அணை, அவ்வாண்டு ஆகஸ்டு 13 ஆம் நாள்தான் திறக்கப்பெற்றது. நீர் கடைமடைக்கு வந்தபோது குளக்கரையில் நின்றவை காய்ந்த குச்சிகள். ஆடு தின்றது போக மீந்த பச்சைக் கன்றுகளை என் இரு கை விரல்களால் எண்ணிவிட்டேன்.

அதன்பின் ஆவணியில் ஒருநாள் மாலை பிள்ளையார் கோயில் திண்ணையில் ஊர் கூடியது. தத்தம் கொல்லையில் தென்னை நடுவதைப் பற்றி வழக்கு எதுவும் இல்லை. அவரவர் விருப்பப்படி வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ, பிறவிடத்திலிருந்தோ பிள்ளை வாங்கினர். முதிய உழவர் சிலர், புயலில் அசையாமல் நின்ற மரம் எது என்று பார்த்து, அதன் நெற்றையே விதைக்கு எடுத்தனர். அது நல்ல அறிவு என்பது என் கருத்து. நான்காம் ஆண்டிலேயே காய்க்கும் என்று குட்டை இனத்தை நாடியோரும் உண்டு. அறுபது ஆண்டுக்கு மேல் பயன் தரும் நெட்டையே வேண்டும் என்று இருந்தோரும் உண்டு. வயிற்றுக்கும் காலத்துக்கும் நடுவே நிற்பவன் செய்யும் முடிவில் திண்ணையில் இருப்பவன் குறை காணலாகாது.

வழக்கெல்லாம் குளக்கரையைப் பற்றியது. புயலுக்கு முன் அங்கும் தென்னையே நின்றது. அதன் குத்தகைப் பணத்தில்தான் கோயில் விளக்கும் ஊர்ப் பொதுச் செலவும் நடந்தன. மறுபடியும் தென்னையே வைப்போம் என்றனர் ஒரு சாரார். நான் எழுந்து, கடலை நோக்கிய கரையிலேனும் காற்றைத் தாங்கும் மரங்களை வைக்கவேண்டும் என்றேன். கடலோரக் கழிமுகத்தில் அலையாத்திக் காடு நிற்பது எதற்கு? அலையின் வேகத்தை ஆற்றுவதால் அன்றோ அதற்கு அப்பெயர்! முத்துப்பேட்டைக் காயலில் அக்காடும் அப்புயலில் அடிபட்டது; எனினும் தனக்குப் பின்னே இருந்த கரையைக் காத்தபின் அடிபட்டது. அவ்வாறே ஊருக்கு உள்ளேயும் பனை, புன்னை, பூவரசு, புங்கு என்று முன்வரிசை ஒன்று வேண்டும் என்று எடுத்துரைத்தேன். ‘வாத்தியாரையா சங்கத் தமிழ் பேசுகிறார்’ என்று ஓர் இளைஞர் நகைத்தார். உண்மையில் நான் அப்போது வேர் நூலைத்தான் பேசினேன். சங்கத் தமிழ் இனிமேல்தான் வரவிருந்தது.

பேச்சு நீண்டது. 120 குழி வெட்டலாம் என்று ஒருவர் அளந்து சொன்னார். 200 வெட்டலாம் என்றார் மற்றொருவர். அப்பொழுது திண்ணையின் ஓரத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார். வயது எண்பதை நெருங்கியவர். அவர் வாழ்வே நாற்பது தென்னையின்மேல் நின்றது. நாற்பதும் அவ்விரவில் வீழ்ந்தன. அவர் என்னை நோக்கி, “தம்பி, எத்தனை குழி வெட்டலாம் என்றா கேட்கிறீர்கள்? எத்தனை பேர் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று முதலில் எழுது. அத்தனை குழி வெட்டினால் போதும்” என்றார்.

திண்ணை சற்று நேரம் அமைதியாயிற்று. பிறகு ஒரு மாணவியின் நோட்டுப் புத்தகத்திலிருந்து தாள் ஒன்று கிழிக்கப்பட்டது. மரம் ஒன்றுக்கு இருவர் பெயர் எழுதுவது. மூன்று கோடைக்கு அவர்களே பொறுப்பு. ஊரை விட்டுச் செல்பவர் தம் பெயருக்கு மாற்றுப் பெயர் தந்துவிட்டே செல்லவேண்டும். இவ்வாறு முடிவு செய்து எழுதியபோது 116 பெயர்கள் வந்தன. எனவே 58 குழிகள் வெட்டுவது என்று முடிந்தது. அளந்து சொன்னவருக்கு மனக்குறை, எனக்கு நிறைவு. பெயர் எழுதியபின், எந்த மரம் என்னும் வழக்கும் தானே தணிந்தது. ஊற்றுபவர் விரும்பிய மரத்தையே ஊற்றட்டும் என்று விட்டனர். குளத்தின் உட்கரையில் தென்னை 20. கடல் நோக்கிய கரையில் பனையும் புன்னையும் பூவரசும் புங்கும் நாவலுமாக 38.

மாணவர்களே, நம் மொழியில் இளமரங்களுக்கு வழங்கும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மாவுக்குக் கன்று, நெல்லுக்கு நாற்று, பனைக்கு வடலி, தென்னைக்கோ பிள்ளை! பசுவின் இளமைக்கும் மனிதனின் இளமைக்கும் உரிய சொற்களை மரத்துக்கு இட்டார்கள் நம் முன்னோர். பெயர் இட்டவர் வளர்க்கும் கடமையையும் அப்பெயரிலேயே பொதிந்து வைத்தார் என்று கொள்ளலாம். நற்றிணையில் ஒரு காட்சி உண்டு. விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை ஒன்று முளைத்துவிடுகிறது. தலைவியும் தோழியரும் அதனைப் பாலும் நெய்யும் பெய்து வளர்க்கின்றனர். அம்மரம் உங்களுக்குத் தங்கை என்று தாய் சொல்லிவைக்கிறாள். அதனால், அதன் நிழலில் நின்று காதலனுடன் நகைத்துப் பேசத் தலைவிக்கு நாணம் வருகிறது. திருவையாற்றில் புலவர் வகுப்பில் பயின்ற நாளில் இதனைக் கற்பனை நயம் என்று எழுதித் தேர்வில் மதிப்பெண் பெற்றேன். இப்பொழுது தோன்றுகிறது, அக்கடற்கரையிலும் மரம் வளர்ப்பது எளிதாக இருந்திராது என்று. தங்கை என்று சொல்லாவிட்டால் அச்சிறுமியர் எத்தனை நாள் நீர் விட்டிருப்பார்கள்?

புரட்டாசியில் குழி வெட்டினோம். தென்னைக்கு மூன்றடி ஆழம், மூன்றடி அகலம். மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி. குழியின் அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்குமாறு அடுக்கி, மணலும் தொழு எருவும் இட்டுப் பிள்ளையை வைத்தோம். மட்டை ஈரத்தைக் காக்கும். ஆழ வைத்த பிள்ளை உறுதியாக வேர் ஊன்றும். பனையின் வழி வேறு. நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதற்கு எளிதில் இணங்காத மரம் அது. பனம்பழம் உதிரும் காலத்தில் கொட்டையைத் தேர்ந்து, நிற்கவேண்டிய இடத்திலேயே புதைத்துவிட வேண்டும். முதலில் அது மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கு வைக்கும். பல திங்கள் கழித்தே மேலே ஓர் ஓலை தலைகாட்டும். பூவரசு போத்தாகவே நடப்பட்டது. வெட்டிய கிளையை ஊன்றினால் வேர்விடும் நல்லியல்பு அதற்கு உண்டு.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது எங்கள் பக்கத்துப் பழமொழி. பனை காய்ப்பதற்கு அத்தனை ஆண்டு ஆகும். மூதாட்டியார் தமக்கென்று கேட்டு வாங்கியது ஒரு பனங்குழி. “ஏன் ஆத்தா, தென்னை எடுத்துக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்டேன். “தென்னைக்கு என்னால் குடம் சுமக்க முடியாது, தம்பி. பனை தன்னைத்தான் பார்த்துக்கொள்ளும். ஆடு கடிக்காமல் நான் உட்கார்ந்து பார்த்தால் போதும்” என்றார். தம் வலிமையை அளந்து மரத்தைத் தேர்ந்த அவரைவிடச் சிறந்த தோட்டக்கலை வல்லுநரை நான் கண்டதில்லை.

முதற் கோடை 2020 ஆம் ஆண்டில் வந்தது; அதனோடு கொரோனா நோயும் வந்தது. மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் மூடப்பெற்றன, கடைத்தெரு அடங்கியது, ஊர் ஊராகச் செல்வது நின்றது. தாளில் பெயர் எழுதிய மாணவர் பலர் பள்ளிக்கு வரும் வழியில் நீர் விடுவதாக எண்ணியிருந்தவர்கள். இனி என்ன ஆகும் என்று அஞ்சினேன். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, ஒருவருக்கு ஒருவர் தள்ளித் தள்ளி, பொழுது சாயும் வேளையில் குடங்களுடன் வந்தனர். குளம் வற்றிய சித்திரையில் அடிகுழாயிலிருந்து சுமந்தனர். பிள்ளைகளுக்கு மேற்குப் பக்கம் பனையோலையை ஊன்றி நிழல் செய்தனர். நல்வாய்ப்பாக அவ்வாண்டு மேட்டூர் அணை சூன் 12 ஆம் நாளிலேயே திறக்கப்பெற்றது. வெளியூர் சென்றிருந்த இளைஞர் சிலர் வேலை இழந்து திரும்பி வந்திருந்தனர். அவர்களும் தோப்புகளில் இடையே வாழை வைத்து அவ்வாண்டைக் கடத்தினர்.

58 குழிகளுள் ஒன்பது தவறின. இரண்டை ஆடு தின்றது. ஒன்றின்மேல் டிராக்டர் ஏறியது. நாவல்கள் நான்கு காரணம் விளங்காமலே பட்டன. இரு தென்னம்பிள்ளைகளை வண்டு கொண்டது. தவறிய இடங்களில் மறு ஆண்டு ஐப்பசியில், மறுபடியும் பெயர் எழுதி, மறுபடியும் வைத்தோம்.

இப்பொழுது உட்கரைத் தென்னைகளுள் சில பாளை விட்டுள்ளன. குத்தகைக்கு விடும் அளவுக்குக் காய் வரவில்லை. கோயில் விளக்குக்கு இன்னும் ஊர்ப்பணமே செல்கிறது. பூவரசுகள் ஆள் உயரம் கடந்து மஞ்சள் பூக்கின்றன. புன்னை மெல்ல வளரும் மரம். என் தோள் அளவுக்கு வந்து, பளபளக்கும் இலையுடன் நிற்கிறது. மூதாட்டியாரின் வடலி விசிறி போன்ற ஓலை நான்கைந்து விரித்துள்ளது. அவர் நாள்தோறும் கோலூன்றி வந்து, அதன் அடியில் ஆடு எதுவும் நிற்கிறதா என்று பார்த்துச் செல்கிறார். ஊரின் கிழக்கெல்லையில் நின்றால் அடுத்த ஊர்க் கோபுரத்தின் கீழ்ப்பாதி மறைந்துவிட்டது.

பள்ளி வாயிலில் ஒரு குழி மட்டும் இன்னும் மூடாமல் கிடக்கிறது. அங்கே இலுப்பை வைக்கவேண்டும் என்பது என் விருப்பம். மகிழமரம் வேண்டும் என்பது மாணவியர் விருப்பம். மகிழத்துக்குத் தண்ணீர் ஊற்ற நால்வர் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டனர். இலுப்பைக்கு இதுவரை எழுதியிருப்பது என் பெயர் ஒன்றுதான். ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது.